அரை மணி நேரம் யோசிக்கும் கெர்னல்

கோகுல்ராஜ் எழுதிய கையேட்டைத் தனப்பிரியா மறுபடி படித்தாள். எழுதியவன் அந்த போர்டை ஒரு நாளாவது உற்றுப் பார்த்திருப்பானா என்ற சந்தேகம்தான் பெருகியது. 'முதன்முறை கரண்ட் கொடுத்ததும் கெர்னல் அரை மணி நேரம் யோசிக்கும். பிறகு அணைத்துப் போடவும்.' யோசிக்குமாம். பெங்களூரில் சில காலம் குளிர்சாதன அறையில் உட்கார்ந்துவிட்டு வந்த மூளைக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

கோழிப்பண்ணை மின்விசிறிகளை ஓட்டும் பெட்டி செய்கிற பட்டறை அது, நாமக்கல்லுக்கு வெளியே. முதலாளி குமாரசாமி லாரிக்கு ஒயரிங் செய்து மேலே வந்தவர். கோகுல்ராஜ் அவர் மகன். மகன் என்பதுதான் அவன் பதவி. பெட்டிக்குள் இருக்கும் போர்டு, மெமரி கார்டிலிருந்து கெர்னல் என்ற மூல மென்பொருளை எடுத்து ஓட்டினால்தான் விசிறி சுற்றும். அது எப்படிக் கிளம்புகிறது என்று பண்ணைக்காரர்களுக்கு எழுதிக் கொடுப்பது தனப்பிரியாவின் வேலை. கோகுல்ராஜ் முந்திக்கொண்டு தானே எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில் மட்டும் 'எழுதியவர்: தனப்பிரியா' என்று போட்டிருந்தான்.

மறுநாள் புதுச்சத்திரம் மாரக்காள் பண்ணைக்குப் பெட்டிகள் போகின்றன. சித்திரை வெயிலில் மூடிய கொட்டகையில் விசிறி நின்றால் கோழிகள் கும்பல் கும்பலாகச் சாகும். அந்தம்மா அப்போது கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவாள்.

தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள் தனப்பிரியா. அரை மணி நேரம் விட்டால் எல்லா போர்டும் ஓடுகிறதே, எழுதியதில் என்ன தப்பு என்றான் அவன். ஒன்று மட்டும் போட்டவுடனே ஓடியதே என்று கேட்டாள். அது கோளாறு போர்டு, கையேட்டின்படி நடக்கவில்லை, ஒதுக்கி வைத்துவிட்டேன் என்றான்.

இந்த அறிவாளியிடம் பேசிப் பயனில்லை என்று, அவன் ஒதுக்கிய போர்டை எடுத்து வந்து மற்றொன்றின் பக்கத்தில் வைத்தாள். வித்தியாசம் கண்ணெதிரே இருந்தது. முதலாளி எந்தப் புது போர்டையும் சும்மா விடமாட்டார். சந்தனத்தைக் குழைத்துப் பெருவிரலால் நடுவில் அப்பி, குங்குமம் வைத்த பிறகுதான் யாரும் சுவிட்சைத் தொடலாம். ஒதுக்கப்பட்டது வந்த அன்று அவர் ராசிபுரத்தில் கல்யாணத்தில் இருந்தார்.

புதிதாகப் பொட்டு வைத்த ஒன்றைக் கம்ப்யூட்டரோடு ஒயரில் இணைத்து, அது என்ன சொல்கிறது என்று பார்த்தாள். கோகுல்ராஜ் இதுவரை செய்யாத காரியம். சிப் விழித்ததும் முதலில் பார்ப்பது நடுவில் ஊசிபோல் நிற்கும் இரண்டு உலோகப் பின்களை. கெர்னலைக் கார்டிலிருந்து எடுப்பதா, ஒயர் வழியாக யாராவது அனுப்பும்வரை காத்திருப்பதா என்று அவைதான் சொல்லும். ஈரச் சந்தனம் இரண்டையும் சேர்த்துவிட்டது. போர்டு யாரோ அனுப்புவார்கள் என்று சும்மா கிடந்தது. அரை மணி நேரத்தில் சந்தனம் காய்ந்து பின்கள் பிரிந்த பிறகு அணைத்துப் போட்டால்தான் கார்டைத் தேடியது. கெர்னல் எங்கே யோசித்தது? அது கார்டை விட்டே இறங்கவில்லை.

மாரக்காளும் வெள்ளிக்கிழமை தவறாமல் பெட்டியைத் திறந்து போர்டுக்கே பொட்டு வைக்கிறவள். ஈரம் காய்வதற்குள் கரண்ட் போய் வந்தால் போதும், விசிறி சுற்றாது.

விஷயத்தைக் கேட்ட கோகுல்ராஜ் தாடையைத் தடவினான். "இத அப்பாகிட்ட ஆரு சொல்றது? 'பூஜைக்கு அப்பறம் அரை மணி நேரம்'னு ஒரு வரி சேத்திப் போடுங்க."

அவள் கையேட்டை எடுத்துக்கொண்டு நேராக முதலாளியிடம் போனாள். அவர் சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தபடியே முழுவதும் கேட்டார்.

"பொட்டு வெச்சா ஓடாதுங்கறயா, சாமி?"

"தாராளமா வெய்யுங்க. பெட்டி மூடி மேல வெய்யுங்க. போர்டு மேல மட்டும் வேண்டாமுங்க."

குமாரசாமி ஒரு புது போர்டை வெறுமனே மாட்டி, மனமில்லாமல் சுவிட்சைப் போட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொள்வதற்குள் விசிறி சுற்றியது. கையேட்டை வாங்கி உதடசைய வாசித்தார். மகனைக் கூப்பிட்டார்.

"யோசிக்கும்னு எழுதியிருக்கறயே, அத எங்க பாத்த?"

"ஓடாம இருந்துச்சுங்கப்பா."

"ஓடாம இருந்தா யோசிக்குதுன்னு அர்த்தமா? அப்ப நீ ஊட்டுல படுத்திருக்கறப்பெல்லாம் யோசிச்சுட்டா இருக்கற?"

தனப்பிரியா சாயங்காலத்துக்குள் புதிதாக எழுதி முடித்தாள். ஒரே பக்கம். கீழே தன் பெயரைத் தானே போட்டாள். குமாரசாமி மூடி மூடியாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, விரலில் மிஞ்சியதை மகன் நெற்றியில் அப்பினார்.

"ஈரம் காயட்டும். அப்பறமாச்சும் இது கெளம்புதான்னு பாக்கலாம்."