கீழே விழுந்த உருண்டை

பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. முழங்கால் மாற்றின ஆஸ்பத்திரிக்கு நான் வைத்த பாக்கி. அதைக் கட்டினால்தான் காலை மடக்கிப் பழக்கும் அறைக்குள் விடுவேன் என்றார் கணக்கர். ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம். இப்போது மடக்காவிட்டால் புது மூட்டு உலக்கையாய் விறைத்துப்போகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

“எதுக்குய்யா இந்தப் பணம்?”

“கம்ப்யூட்டர் உங்க எக்ஸ்ரேயைப் பாத்து, எந்த அளவு மூட்டுன்னு திட்டம் போட்டுச்சே, அதுக்கு. செயற்கை நுண்ணறிவு பெரியவரே, சும்மா வருமா?”

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. முப்பத்தோரு வருஷம் மூட்டை சுமந்து, ஐம்பதுக்கு மேல் எழுத்துக்கூட்டக் கற்றவன் நான். துணைக்கு வந்த வீட்டுக்காரியிடமிருந்து கோப்பைப் பிடுங்கி, ஆபரேஷன் தாளை விரல் வைத்துப் படித்தேன். திட்டமிட்ட அளவு ஆறு. பொருத்திய அளவு நான்கு.

“டாக்டர் கையால அளந்து நாலு போட்டிருக்காரு. அப்ப உங்க கம்ப்யூட்டர் என்னத்தக் கிழிச்சுது?”

“மெஷின் தப்புப் பண்ணாது.”

“மெஷின் அதை வச்சு அளவு பாக்கன்னு ஒரு இரும்பு உருண்டைய முட்டிக்குப் பக்கத்துல வச்சாரு உங்க எக்ஸ்ரே ஆளு. என் கால் நீட்ட வராது. உருண்டை சரிஞ்சு மேஜையில விழுந்துச்சு. சொன்னேன். ‘மெஷின் பாத்துக்கும், அசையாதீங்க’ன்னு படம் புடிச்சாரு. உருண்டை கீழ பிலிம் பக்கத்துல, முட்டி மேல விளக்குப் பக்கத்துல. நிழல்ல முட்டி பெருசாத் தெரியாதா? படிக்கல்லு தப்புன்னா தராசு என்னய்யா பண்ணும்?”

“மெதுவாப் பேசுங்க” என்றாள் வீட்டுக்காரி. பிறகு அவளே கணக்கரிடம் திரும்பினாள். “செருப்புக் கடைக்காரன்கூடச் சேராத செருப்புக்குக் காசு கேக்க மாட்டான் தம்பி.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கணக்கர் டாக்டரைக் கூப்பிட்டார். அவர் படத்தைத் திரையில் பார்த்தார். மேஜையோடு ஒட்டிக் கிடந்தது உருண்டை. முகம் சுருங்கியது.

“இதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“எக்ஸ்ரே ஆளுகிட்ட சொன்னேன் டாக்டர். மெஷினுக்குக் காது கொடுத்தவங்க எனக்குக் கொடுக்கல.”

அவர் பில்லில் அந்தத் தொகையைத் தொட்டுக் காட்டினார். “அடிச்சுடுங்க” என்றார் கணக்கரிடம்.

கணக்கர் வேண்டாவெறுப்பாய்க் கோடு கிழித்தார். நான் நகரவில்லை. எங்கள் கிடங்கில் இறக்காத மூட்டைக்குக் கூலி கிடையாது. கணக்கில் ஒரு தொகையை அடித்தால் பக்கத்தில் கையெழுத்தும் வேண்டும். வெறும் கோட்டை நம்பி ஏமாந்தவர்கள் நாங்கள்.

“கையெழுத்து.”

போட்டார். ‘பாக்கி இல்லை’ என்றும் எழுதவைத்தேன். ஒவ்வொரு எழுத்தாய்ப் படித்து முடித்த பிறகுதான் ஊன்றுகோலை எடுத்தேன்.