பின் சீட் பெல்ட்

அண்ணன் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. எனக்கு இன்னும் ஒரு சொட்டு அழுகை வரவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். எனக்கு விமானக் கண்காட்சி வேலை தலைக்கு மேல் இருந்தது.

எங்களுடையது மஞ்சள் நிறப் பழைய ராணுவப் பயிற்சி விமானம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். எங்கள் எல்லோரையும்விட மூத்தது என்பதால் பெயர் கிழவி. அண்ணன் மகள் முன்னால் உட்கார்ந்து ஓட்டுவாள். பின் சீட்டில் அண்ணன் தொப்பையோடு உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டே வருவார். நான் மெக்கானிக்.

அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக அப்பா இல்லாமல் தனியாகப் போனாள். பின்பக்கம் திரும்பியே பார்க்காமல் ஏறினாள். கிழவியும் சமர்த்தாக மேலே எழும்பியது. ஒலிபெருக்கியில் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அவன் வாயில் கிரீஸ் துணியைத் திணிக்கலாம் போலிருந்தது. எரிச்சலில், பறக்குமுன் நான் நிரப்பிய சோதனைப் படிவத்தைப் பார்த்தேன்.

'பின் சீட்டில் ஆள் உண்டு' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தேன்.

சீட் காலி என்றால் பெல்ட்டை இறுக்கிக் கட்டிவிட வேண்டும். பின்னாலும் ஒரு கட்டுப்பாட்டுக் கம்பி உண்டு. முன்கம்பியோடு சேர்ந்தே அசையும். விமானம் தலைகீழாகும்போது பெல்ட் அதில் சுற்றிக்கொண்டால், முன்னால் இருப்பவள் என்ன இழுத்தாலும் நகராது. நான் கட்டவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கத்தில், அண்ணன் வந்து உட்காரத் தோதாக இரண்டு பக்கமும் விரித்து வைத்திருந்தேன்.

பயம்கூட மரத்துப்போயிருந்தது. கால்கள் மட்டும் ஓடின. கன்ட்ரோல் ரூமில் ரேடியோவைப் பிடுங்கினேன்.

"தலைகீழா போகாதம்மா! பின் சீட் பெல்ட்டை நான் கட்டல."

"ஏன் சித்தப்பா?"

"அப்பா வருவார்னு விட்டுட்டேன்."

தலைகீழ் வட்டம் போட மூக்கைத் தூக்கியிருந்த கிழவி மெல்லச் சமமானது.

"சரி. இறங்கறேன்."

இறங்கி இன்ஜினை நிறுத்திய பிறகுதான் பின்னால் பார்த்தாள். அவளுடைய அப்பாவின் தொப்பை அளவுக்கு பெல்ட் விரிந்து கிடந்தது. திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி போகச் சொல்றாங்க. கட்டுங்க சித்தப்பா."

"நீ கட்டேன்."

"என்னால முடியாது."

குனிந்து மாட்டினேன். கொக்கி இத்தனை வருடம் நின்ற இடத்தில் பெல்ட் தேய்ந்து வெளுத்திருந்தது. அதைத் தாண்டி இழுத்தேன். சீட்டோடு ஒட்டும்வரை இழுத்தேன். படிவத்தில் பழைய டிக்கை அடித்துவிட்டு, 'காலி' என்ற கட்டத்தில் போட்டு நீட்டினேன். அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. அண்ணன் இனி வரமாட்டார் என்பது மட்டும் தெரிந்தது.