பலகைமேல் வைத்த கால்கள்

பகல் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்பே அவள் முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்துவிடுவாள். ஒவ்வொருவரையும் இடுப்பு பின்னால் ஒட்டியிருக்க, முதுகு நிமிர்ந்து, முகவாய் சற்றுத் தாழ உட்காரவைக்க வேண்டும். கால் எட்டாதவர்களுக்குக் கீழே மரப்பலகை. இப்போதெல்லாம் இதில் இம்மி பிசக விடுவதில்லை. “சாப்பாடு போடப் போறியா, போட்டோ எடுக்கப் போறியாம்மா?” என்று ஒரு பெரியவர் கேட்க, கூடமே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். யாராவது லேசாகத் தொண்டையைச் செருமினால் மட்டும் கரண்டியை வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

ஜன்னலோரத்தில், பிடியை அழுத்தினால் பின்னால் சாயும் நாற்காலி, அங்கே இருந்த ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டருடையது. மூன்று வாரத்துக்கு முன்பு, “முதுகு உயிர் போகுதும்மா, கொஞ்சம் சாய்ச்சு விடேன்” என்று கெஞ்சினார். சாய்த்து ஊட்டினால் புரையேறும், கூடாதென்று அவளுக்குத் தெரியும். பாவமாக இருந்தது. சாய்த்துவிட்டு ஊட்டினாள். நாலாவது வாயில் புரையேறியது. சட்டென்று நாற்காலியை நிமிர்த்தினாள்; அது சரி, யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அடுத்து நர்ஸைக் கூப்பிடவில்லை. குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த அவர் கால்களை ஒவ்வொன்றாகப் பலகைமேல் வைத்தாள். செருப்பைக்கூடச் சரிசெய்தாள். அப்புறம்தான் கத்தினாள். நர்ஸ் ஓடி வருவதற்குள் அவர் மூச்சு அடங்கிவிட்டது. வயதாகிவிட்டது, யார் என்ன செய்ய முடியும் என்று எல்லாரும் அவளையே தேற்றினார்கள். அந்தக் கால்களை யாருக்காக வைத்தோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். தன் வேலை போய்விடக் கூடாதே என்றுதான், வேறென்ன.

பெரியவர் கேலி செய்த அன்றைக்கே, சாப்பாடு முடிந்து கூடம் காலியான பிறகு போஸ்ட்மாஸ்டரின் மகள் வந்தாள்.

“அம்மாவையும் இங்கயே சேர்த்துடலாம்னு இருக்கேன் அக்கா. கடைசி நேரத்துலகூட அப்பா நேரா, கால் பலகைமேல வெச்சு, அவ்வளவு ஒழுங்கா உக்காந்திருந்தாராமே. நர்ஸ் சொன்னாங்க. உங்க கையிலதான் அம்மாவை விடணும்.”

‘சரிம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காலத்துக்கும் நல்லவளாக இருந்துவிடலாம்.

மகள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, பலகைமேல் கால் வைத்துப் பார்த்தாள். “இப்படித்தானே இருந்தார்?”

“இல்லம்மா.” குரல் யாருடையதோ போல வந்தது. “நான் ஊட்டினப்போ இப்படி இருந்தார்.”

பின்னால் போய்ப் பிடியை அழுத்தி, நாற்காலியை மெதுவாகச் சாய்த்தாள். மகளின் கால்கள் பலகையை விட்டு எழும்பி அந்தரத்தில் தொங்கின.

“அட, சுகமா இருக்கே அக்கா!” என்றாள் மகள், மேலே விட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி.