அருகை உழுதவன்

எங்கள் ஒரு ஏக்கர் குத்தகை நிலத்தில் கால் ஏக்கரை அருகம்புல் பிடித்துக்கொண்டது. பிள்ளையாருக்கே ஒரு கைப்பிடி போதும், எனக்கு எதற்குக் கால் ஏக்கர்?

பங்குனியில் நிலக்காரர் ஜெயப்பிரகாஷ் வந்து பார்த்தார். "சின்னதுரை, ஆடி முடியறதுக்குள்ள புல்ல எடுத்துடு. எடுத்துட்டா இன்னும் அஞ்சு வருசம் நீயே மரவள்ளி வெச்சிக்க. இல்லன்னா நான் சவுக்கு நட்டுடுவேன்."

அன்றிலிருந்து என் மனைவி செவ்வந்தி களைக்கொத்தும் கையுமாக உட்கார்ந்தாள். வேர் அறுந்துவிடாமல் தோண்டி, வரப்பில் காயவைத்துக் கொளுத்துவாள். ஒரு நாளைக்கு இரண்டு கட்டில் போடும் இடம்தான் சுத்தமாகும். ஆடி பிறந்தபோது முக்கால்வாசி முடித்திருந்தாள். இடுப்பு நிமிரவில்லை.

கூழ் ஊற்ற வெள்ளிமலையிலிருக்கும் தங்கை வீட்டுக்கு நாலு நாள் போனாள். திரும்பி வரும்போது அவளுக்கு வேலை மிச்சம் இருக்கக் கூடாது என்று எனக்கு ஆசை. டிராக்டரை வரவழைத்தேன். ஆழமாக அடித்தால் வேர் செத்துப்போகும் என்றார் வண்டிக்காரர். நம்ப ஆசையாக இருந்தது, நம்பிவிட்டேன். மரவள்ளி பிடுங்கிக் காலியாகக் கிடந்த மொத்த ஏக்கரையும் ரொட்டவேட்டர் போட்டு இரண்டு முறை ஓட்டச் சொன்னேன்.

சலித்த மாவு போலக் கிடந்தது நிலம். வந்தவளிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். மண்ணோடு விரல்கணு அளவில் ஏழெட்டு வேர்த்துண்டுகள்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க? ஒவ்வொரு கணுவும் மொளைக்குமே!"

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதைதான். இரண்டு நாள் இருவரும் கூடையோடு துண்டு பொறுக்கினோம். மூன்றாம் நாள் நல்ல மழை. ஊரே சந்தோஷப்பட்டது, நான் ஒருவன்தான் மழையைத் திட்டினேன். எட்டு நாளில் ஏக்கர் முழுவதும் பச்சை.

ஆடிக் கடைசியில் ஜெயப்பிரகாஷ் வந்தார். திட்டியிருந்தால் தேவலாம். திட்டவில்லை.

"நாளான்னிக்கு சவுக்கு நாத்து வந்துடும் சின்னதுரை."

"இன்னும் ஒரு மாசம் குடுங்க."

"ஒரு மாசத்துல இதுல இன்னா பண்ணுவ, நீயே சொல்லு."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பிப் பார்த்தேன். பங்குனியில் முதலில் சுத்தம் செய்த மூலையில் செவ்வந்தி களைக்கொத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு செவ்வந்தி. இது இனிமே நம்ம நெலம் இல்ல."

"தெரியும்" என்றாள். கை நிற்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. எதிரே உட்கார்ந்து ஒரு புல்லைப் பிடித்து இழுத்தேன். பாதியில் அறுந்தது.