வெள்ளக் கோடு

வெள்ளையடிக்கிறவர் தன் வீட்டு வாசல் சுவரை இரும்புத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவரே பூசிய சுண்ணாம்பு செதில் செதிலாக உதிர்ந்து கால்விரல்களை மூடியது.

ஆற்றங்கரைத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளம் வடிந்ததும், தண்ணீர் நின்ற உயரத்தில் சுவரில் கோடு கீறி வருஷத்தைப் பொறித்துவிடுவார்கள். இப்போது ஆற்றோரமாகப் புதுச்சாலை வருகிறது. நூறு வருஷம் தாண்டிய வீடு என்று காட்டினால் இடிக்க மாட்டார்கள். பத்திரம் ஏதோ ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. பழைய கோடு ஒன்றுதான் சாட்சி. மகள் கல்யாணத்தின்போது அதன் மேல்தான் மூன்று பூச்சு அடித்திருந்தார்.

“ஊரான் சுவருக்கு ஒத்தைப் பூச்சு. சொந்தச் சுவருக்கு மட்டும் மூணு!” என்றாள் மனைவி.

“சம்பந்தி வர்றாங்க, பளிச்சுனு இருக்கணும்னு உயிரை வாங்கினது யாரு?”

“பளிச்சுனு அடிங்கன்னேன். புதைக்கச் சொன்னேனா?”

சர்வே அதிகாரி சிவப்பு மைப் பேனாவைத் திறந்து கையில் வைத்திருந்தாள். “பெரியவரே, இன்னும் பத்து நிமிஷம் பாக்குறேன். அப்புறம் இடிக்கணும்னு குறி போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போகணும்.”

மனைவி சட்டென்று கதவுக்கு இடப்பக்கம் போய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். “கல்யாணமாகி வந்தன்னிக்கு அந்தக் கோடு என் தோள் உசரம். இவ்வளவு தண்ணி வருமான்னு அழுதேனே, மறந்துட்டீங்களா? இங்க சுரண்டுங்க.”

“அப்ப நீ நிமிர்ந்து நிப்ப. நாலு விரல் மேலயே பாப்போம்.”

நாலு விரல் மேலே தகடு ஒரு பள்ளத்தில் இடறியது. கோடு. அதன் கீழே வருஷம். அதிகாரி எண்களை விரலால் தடவிக் கணக்குப் போட்டாள். “நூத்திப் பன்னெண்டு வருஷம்,” என்றவள் பேனாவை மூடினாள்.

மனைவி படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, நிற்கவே இல்லை. அவர் சுண்ணாம்புக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறு மாதம் அரசாங்க ஆட்கள் வந்து கோட்டுக்குக் கண்ணாடிச் சட்டமும், அதற்கு மேல் சாரல் படாமல் ஒரு தகரக் கூரையும் பொருத்தினார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமாம். இனி அனுமதி இல்லாமல் ஒரு ஓடுகூட மாற்றக் கூடாதாம். உடைந்த ஓடுகளை மாற்ற அனுமதி கேட்டு அவர் மனு எழுதிப் போட்டார். பதிலுக்கு முன்னால் மழை வந்தது.

“நமக்கும் ஒரு கண்ணாடி கேட்டுப் பாருங்களேன்,” என்றாள் மனைவி, வாளியைத் தூக்கிக் கட்டிலின் நடுவில் வைத்தபடி.

வெளியே கண்ணாடிக்குள் கோடு ஒரு சொட்டு நனையாமல் இருந்தது. இருவரும் வாளியின் இரண்டு பக்கமும் ஒண்டிப் படுத்துக்கொண்டார்கள்.