கழிவறை அட்டை

விடிவதற்கு முன்பே மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கான் ஊர்ச் சலவை ஆலையில் நீராவி கண்ணைக் கரித்தது. யார் யாரோ புரண்டு எழுந்த ஹோட்டல் படுக்கை விரிப்புகளை லோகேஸ்வரி தொட்டியிலிருந்து வாரி வாரி இழுத்தாள். இடுப்புவரை ரப்பர் கால்சட்டை. உள்ளே வியர்வையும் தண்ணீரும் பத்து மணி நேரம் ஊறும். கழிவறைக்குப் போக ஒரு ஷிப்டுக்கு இரண்டே அட்டைகள். முதலாளி தம்புசாமியின் மூளையில் இதுவரை உதித்த ஒரே கண்டுபிடிப்பு அது.

இரண்டு வாரமாக அவளுக்கு வெள்ளைப்பட்டது, திரிந்த பால்போலக் கட்டி கட்டியாக. அரிப்பு உயிரை வாங்கியது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. விரிப்புக் கறைக்கு ஊற்றும் கிருமிநாசினியைப் புட்டியில் எடுத்துப்போய்த் தண்ணீரில் கலந்து உள்ளே கழுவினாள். ஹோட்டல் அழுக்கையே போக்குவது இதைப் போக்காதா என்று நினைத்தாள். எரிச்சல் இரட்டிப்பானதுதான் மிச்சம்.

சனிக்கிழமை கிளினிக்கில் டாக்டர் சீதாலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டார்.

"அந்த மருந்தை முதல்ல நிறுத்துங்க. உள்ள இருக்கிற நல்ல கிருமியையும் கொன்னுட்டீங்க, அதுதான் காவல். இது பூஞ்சை. ஈரத்துலயே நின்னா வளரும். சீனி வியாதி இருந்தாலும், ஆன்டிபயோட்டிக் சாப்பிட்டாலும் வரும். மீன் வாடை அடிச்சா, மஞ்சளா பச்சையா பட்டா அது வேற தொற்று. புருஷன்கிட்டேர்ந்து தொத்துறதும் உண்டு. டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும் லா, ஒளிச்சு வச்சா தெரியாது."

திங்கட்கிழமை அவள் நீட்டிய மருத்துவக் கடிதத்தைத் தம்புசாமி இரண்டு விரலால் பிடித்தார். கோயில் திருவிழா மேடையில் பெண்மையைப் பற்றி அரைமணி நேரம் முழங்குகிறவர். பெண்ணின் உடம்பைப் பற்றி ஒரு வாளிக்குத் தெரிந்த அளவுகூட அவருக்குத் தெரியாது.

"நடத்தை கெட்டா வர்ற சீக்கு இது. ஹோட்டல்காரனுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும். இன்னையோட நின்னுக்க!" என்று ஆலை முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"படிச்சுப் பாருங்க பாஸ். ஈர உடுப்போட நிக்க வைக்காதீங்க, டாய்லெட்டுக்கு விடுங்கன்னு டாக்டர் எழுதியிருக்காங்க."

"டாக்டரா வந்து எனக்குத் துணி துவைப்பா? வேற யாருக்காச்சும் இந்தக் கர்மம் இருக்கா? இருந்தா இவகூடவே நடங்க!"

யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்ற திமிர் அவருக்கு. லோகேஸ்வரி வீட்டில் உலை கொதிப்பது இந்த வேலையால்தான்.

"எனக்கும் இருக்கு, பாஸ்."

இஸ்திரி உருளைப் பக்கமிருந்து ஷபானா வந்தாள். ராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவள்.

"உன் பெர்மிட் என் கையில இருக்கு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அரிப்பும் இருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளோடு இஸ்திரி போடும் அனுப்பிரியா உருளையை நிறுத்தினாள். "எனக்கும்தான்" என்றாள். ஒருத்திக்கு ஒருத்தி ஒளித்து வைத்திருந்ததெல்லாம் வரிசையாக வெளியே வந்தது. தம்புசாமி வாய்க்கு வந்தபடி திட்டினார். வாசலில் ஹோட்டல் லோரி ஹாரன் அடித்தது. விரிப்புகளைத் தொட்டியிலேயே போட்டுவிட்டுப் பெண்கள் லோகேஸ்வரியோடு நடந்தார்கள்.

நாளை வேலை இருக்குமா என்று ஒருத்திக்கும் தெரியாது. கிளினிக் கவுண்டரில் லோகேஸ்வரி முன்னால் நின்றாள்.

"பேஷண்ட் யாரு?" என்றாள் நர்ஸ்.

"பதினோரு பேருமே, மிஸ்ஸி. எல்லாருக்கும் லெட்டர் வேணும்."