கூடுதலாக ஒரு A

பெருங்களத்தூர் பொன்னுரங்கம் பாத்திரக்கடையில் நிறுவப்போகும் கம்ப்யூட்டர் மெஷினுக்கு என்ன பெயர் வைப்பது என்று முதலாளியிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறை! அதற்கு மேல் கேட்டால் எனக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பார்.

"என் பேரையே வெச்சுடும்மா," என்றார் பொன்னுரங்கம்.

"வெச்சா அப்புறம் நீங்களா மாத்தக் கூடாது சார். கடை சாஃப்ட்வேர், டேட்டாபேஸ், வெப் சர்வர் மூணும் இந்த ஒரே மெஷின்லதான் இருக்கும். இந்தப் பேரைச் சொல்லித்தான் ஒண்ணை ஒண்ணு தேடும். ஆன்லைன்ல கடையோட முகவரியும் இதுதான்."

தலையை ஆட்டினார். நானும் நம்பித் தொலைத்தேன்.

இரண்டு நாள், இட்லிக் குண்டான்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். தீபாவளிக்கு முன் அவர் ஆன்லைனில் விற்க ஆரம்பிக்க வேண்டும். எனக்கோ, வேலை முடிந்தது என்று அவர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அது இருந்தால்தான் தாம்பரத்தில் இருக்கும் எங்கள் கம்பெனியில் என் வேலை நிரந்தரமாகும். சோதனைக்கு நானே ஒரு டபரா செட் ஆர்டர் போட்டேன். ஒழுங்காக விழுந்தது.

மறுநாள் காலை எங்கள் மேலாளர் கங்காதரன் போன் செய்தார்.

"எப்சி, என்ன பண்ணி வெச்சிருக்க? ஆன்லைன் கடை திறக்கவே மாட்டேங்குதாம். போய் முதல்ல சாரி சொல்லு."

என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாரி சொல்ல வேண்டுமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போய்ப் பார்த்தேன். மெஷினின் பெயரில் கடைசி A இரண்டாகியிருந்தது.

"யார் சார் இதை மாத்துனது?"

"நான்தாம்மா. நம்ம ஜோசியரு எழுத்துக்கெல்லாம் நம்பர் போட்டு கூட்டிப் பாத்தாரு. எட்டு வருது, வியாபாரத்துக்கு ஆவாதுன்னுட்டாரு. ஒரு A சேத்தேன், ஒம்போது ஆயிடுச்சு. ஒரு எழுத்துக்கா இம்மாம் பேஜாரு?"

ஒரு எழுத்துதான். ஒரே பெட்டிக்குள் ஒட்டி உட்கார்ந்திருந்த மூன்றும் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை.

பழைய பெயருக்குத் திரும்ப அவர் சம்மதிக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, புதுப் பெயரில் முதலிலிருந்து ஏற்றினேன். ஒரு நாள் முழுக்கப் போயிற்று. சாயங்காலம் தாளை நீட்டினேன். 'தாமதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில், 'அந்தப் பொண்ணு செய்த தப்பு' என்று எழுதினார். தன் பெயருக்கு ஓர் எழுத்து போதவில்லை அவருக்கு. எனக்குப் பெயரே கிடையாது!

பேனாவை வாங்கி அதை அடித்தேன். 'வாடிக்கையாளர் மெஷினின் பெயரை மாற்றினார்' என்று எழுதினேன்.

"அப்ப கையெழுத்து கெடையாது," என்றார்.

"வேணாம் சார்." தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

"ஒத்துக்கிட்டா குறைஞ்சா போயிடுவ?" என்று போனில் கத்தினார் கங்காதரன். "வெள்ளிக்கிழமைக்குள்ள தாள் வரலைன்னா வேற வேலை பாத்துக்கோ."

செய்யாத தப்பை எப்படி ஒத்துக்கொள்வது? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் தாளைத் திருத்தவில்லை.

வியாழக்கிழமை பொன்னுரங்கமே என்னைக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"எம்மா, மொதல்லயே நோட்டீஸ்ல பழைய பேரை அடிச்சு ஊரெல்லாம் குடுத்துட்டோம். அதப் போட்டா கடையே வர மாட்டேங்குது. ஒரு ஆர்டர் கூட இல்ல. அந்த A-வ எடுத்துடும்மா."

"எட்டு பரவாயில்லையா சார்?"

"அய்யே, எட்டாவது பத்தாவது! நீ வாம்மா மொதல்ல."

"வரேன் சார். நான் எழுதினதுக்குக் கீழே நீங்க கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷினைத் தொடுவேன்."



"சரி, போடுறேன். போன்ல உன்ன கம்ப்யூட்டர் பொண்ணுன்னு போட்டு வெச்சுகினு கீறேன். உன் பேரு இன்னாம்மா?"

"எப்சி. மூணே எழுத்து சார், எதையும் கூட்ட வேணாம்."